நெடி இல்லாத ஊர்

வெள்ளூரணி நடுநிலைப் பள்ளியின் மூன்றாம் வகுப்பு பத்தொன்பது நாட்களாக ஒருமுறைகூடத் தும்மவில்லை.

கரும்பலகைக்கு மேலே மாட்டியிருந்த தும்மல்மானி அப்படித்தான் சொன்னது. டிபன் பாக்ஸ் அளவுள்ள சாம்பல் நிறப் பெட்டி அது. அதற்கு ஒரு காது உண்டு. காதில் விழும் சத்தங்களில் தும்மலை மட்டும் பொறுக்கி எண்ணும். தும்மலுக்கென்று ஒரு வடிவம் இருக்கிறது. நீளமாக ஒரு மூச்சு உள்ளே போகும், கண நேரம் நிற்கும், பிறகு வெடிக்கும். டெஸ்க் இழுபடும் சத்தத்துக்கும் டஸ்டர் தட்டும் சத்தத்துக்கும் இந்த மூன்று படிகள் கிடையாது. ஆகவே பெட்டியை ஏமாற்ற முடியாது.

மாரீஸ்வரிக்கு இதையெல்லாம் யாரிடமாவது விளக்கிச் சொல்வதென்றால் கொள்ளைப் பிரியம். விருதுநகருக்குக் கிழக்கே உள்ள நாற்பத்திரண்டு பள்ளிகளில் இந்தப் பெட்டிகளைப் பராமரிப்பது அவள் வேலை. எந்தப் பள்ளியில் எத்தனை தும்மல் என்று பார்த்துத்தான் பிள்ளைகளுக்கு மூக்குச் சொட்டு மருந்து எவ்வளவு அனுப்புவது என்று ஒவ்வாமைத் திட்டக்காரர்கள் முடிவு செய்வார்கள். மருந்து வருவதற்கு முன் பங்குனி மாதத்தில் இந்த வகுப்பில் ஒரு நாளைக்கு இருநூறு தும்மல். வந்த பிறகு பத்து, பன்னிரண்டு. அந்தப் பத்தும் சீமைக் கருவேலத்தின் பூந்தூளால் வருவதில்லை. சாக்பீஸ் தூசி, காயாத தலை, ஜன்னல் வழியே திடீரென்று முகத்தில் அடிக்கும் வெயில் என்று சாதாரணப் பிள்ளைகளுக்கும் வரும் தும்மல்தான் அது. எண் குறைந்தால் மருந்து வேலை செய்கிறது. பூஜ்யம் வந்தால் பெட்டி பழுது. அவளுக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

ஆனால் பழுது அகப்படவில்லை. காதை மாற்றினாள், உள்ளே இருந்த சர்க்யூட் அட்டையை மாற்றினாள். கடைசியில் நாலாம் வகுப்புப் பெட்டியைக் கழற்றி மூன்றாம் வகுப்பிலும், இதை அங்கேயும் மாட்டிப் பார்த்தாள். இரண்டும் பூஜ்யமே காட்டின.

இருபதாம் நாள் பெட்டிக்கடையில் மூக்குப்பொடி வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போனாள். பிள்ளைகள் பார்க்கப் பெட்டிக்கு நேர் கீழே நின்று ஒரு சிட்டிகை இழுத்தாள். மூன்று தும்மல். பெட்டி மூன்று என்று காட்டியது. வகுப்பே சிரித்தது. பஸ் டயர் வெடித்த மாதிரி இருக்கிறது என்று ஜெயராணி டீச்சரும் சேர்ந்துகொண்டாள்.

இரண்டாவது பெஞ்சில் இருந்த தாரிணி எழுந்து வந்தாள். தாரிணி மாரீஸ்வரியின் மகள், எட்டு வயது. அம்மா தடுப்பதற்குள் காகிதத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, அம்மாவைப் போலவே முகத்தைச் சுளித்து இழுத்தாள். எல்லோரும் காத்திருந்தார்கள். தாரிணியும் காத்திருந்தாள்.

"ஒண்ணுமே செய்யலையேம்மா," என்றாள், மூக்கைத் தேய்த்துக்கொண்டு.

காகிதத்தை மடிப்பதற்குள் இன்னும் ஐந்தாறு விரல்கள் அதில் பட்டுவிட்டன. ஒரு பிள்ளையும் தும்மவில்லை. இந்த முறையும் வகுப்பு சிரித்தது. மாரீஸ்வரி சிரிக்கவில்லை. பெட்டியில் பழுது இல்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அந்தச் சொட்டு மருந்தைப் பற்றி ஊரில் அவளைவிட அதிகம் பேசியவர்கள் கிடையாது. நாலு வயதில் தாரிணிக்கு வந்த இழுப்பை அவள் பார்த்திருக்கிறாள். மூச்சு உள்ளே போகும்போது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழி விழும். மூன்று முறை ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். சொட்டு மருந்து வந்த ஆறாவது வாரம் அதே பிள்ளை பள்ளி மைதானத்தில் ஓடியதைக் கண்ணால் பார்த்தாள். பிறகு பெற்றோர் கூட்டங்களில் அவளே விளக்கினாள். மூக்கில் எப்போதும் கோடிக்கணக்கில் கிருமிகள் குடியிருக்கின்றன, கெடுதல் செய்யாதவை. அவற்றில் ஒன்றுக்குப் புதிதாக ஒரு வேலை கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். கருவேலப் பூந்தூளைத் தின்று அது உயிர்வாழும். தின்னும்போதெல்லாம் ஒரு திரவத்தைச் சுரக்கும். அந்தத் திரவம் மூக்கின் நரம்பை அமர்த்தும். தெருவில் போகிற எல்லோரையும் பார்த்துக் குரைக்கிற நாயின் தலையைத் தடவிக்கொடுப்பது போல. பூக்கும் காலம் முடிந்தால் தீனி இருக்காது, கிருமி தானாகச் செத்துவிடும். எவ்வளவு அழகான ஏற்பாடு என்று சொல்லும்போது அவளுக்கே புல்லரிக்கும்.

அந்த வாரம் தாரிணிக்குக் காய்ச்சல் கண்டது. பெரிய சூடில்லை, விட்டுவிட்டு வந்தது. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் பக்கத்து வீட்டு முருகலட்சுமி திருஷ்டி கழிக்க வந்துவிட்டாள். கல் உப்பு, ஏழு வரமிளகாய், முச்சந்தி மண் எல்லாம் கைக்குள் வைத்து மூன்று சுற்றுச் சுற்றி, தாரிணியைத் துப்பச் சொல்லி, அடுப்புக் கங்கில் போட்டாள். மிளகாய் எரிந்தால் நெடி அடிக்க வேண்டும், எல்லோருக்கும் இருமல் வர வேண்டும். வரவில்லையென்றால் அவ்வளவு கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

முருகலட்சுமிக்கு இருமல் வரவில்லை. தாரிணிக்கும் வரவில்லை. முருகலட்சுமியின் இரண்டு பிள்ளைகள் கங்குக்குப் பக்கத்திலேயே குந்தி வேடிக்கை பார்த்தார்கள். மாரீஸ்வரி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, வாசலுக்கு ஓடினாள்.

"பாத்தியா, துளி நெடி இல்ல," என்றாள் முருகலட்சுமி. "எங்க தெருவுல எந்த வீட்டுல சுத்திப் போட்டாலும் இப்ப இதே கததான். ஊரே கண்ணு வச்சுக்கிட்டுத் திரியுது."

"எனக்கு வருதேக்கா."

"அதான் எனக்கும் யோசனையா இருக்கு மாரீஸு. ஒருவேள பட்டதே உன் கண்ணுதானோ?"

வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மாரீஸ்வரி அந்தக் கேலியைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எத்தனை மாதமாக இப்படி என்று கேட்டாள். போன தை, இல்லை, அதற்கும் முன்னாலே என்றாள் முருகலட்சுமி. அவள் ஒருநாளும் சொட்டு மருந்து போட்டுக்கொண்டவள் இல்லை. அது பிள்ளைகளுக்கான மருந்து. ஆனால் பிள்ளைகளின் மூக்கைத் துடைப்பதும், அதே முந்தானையில் தன் முகத்தைத் துடைப்பதும் அவள்தான். ஊர் முழுக்க மிளகாய் நெடியில் இருமுவதை நிறுத்தியிருக்கிறது. ஊர் முழுக்க அதைக் கண்ணேறு என்று நினைத்து இன்னும் கொஞ்சம் மிளகாயை எரித்திருக்கிறது.

மறுநாள் காலை தாரிணிக்கு மூச்சு வேகமாக ஓடியது. உள்ளூர் ஆஸ்பத்திரியில் மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். அங்கே டாக்டர் ரபீக் ராஜா எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, மயக்கம் கொடுத்து, தொண்டை வழியாகக் குழாய் விட்டு, வலது நுரையீரலிலிருந்து எதையோ எடுத்தார். சின்னக் கிண்ணத்தில் அதைக் கொண்டுவந்து காட்டினார். பாதி நிலக்கடலைப் பருப்பு. ஊறிக் கறுத்திருந்தது.

"எப்ப சாப்பிட்டா?"

வீட்டில் கடலை வாங்கியது முந்தின வாரச் சந்தையில். பதினோரு நாள்.

"பதினோரு நாளா இது உள்ள கெடந்திருக்கு. ஒரு தடவ இருமினாளா?"

மாரீஸ்வரி யோசித்தாள். இல்லை.

"இந்த மாசம் இது ஏழாவதும்மா. எல்லாம் உங்க வட்டாரப் பிள்ளைங்க. புளியங்கொட்டத் தோடு, பென்சில் துண்டு, ஒரு பாசி மணி. ரெண்டு பிள்ளைங்க எங்கிட்ட வர்றதுக்குள்ளயே போயிட்டாங்க. இருமல நோய்னு நெனக்கிறோம். அது நோய் இல்ல, வாட்ச்மேன். உங்க ஊர்ல எல்லா வாட்ச்மேனும் தூங்கறான்."

சொட்டு மருந்தையும் மூக்குப்பொடியையும் பற்றி மாரீஸ்வரி சொன்னாள். மற்ற மாவட்டங்களிலும் இதே மருந்துதானே, அங்கே எப்படி என்று அவர் போனில் விசாரித்தார். அங்கே ஒரு புகாரும் இல்லையாம். மருந்தைச் செய்தவர்கள் இரண்டு மாதம் பூத்து ஓய்கிற மரங்களை வைத்துத்தான் சோதித்திருக்கிறார்கள்.

"டாக்டர், எங்க ஊர்ல கருவேலம் பூக்காத மாசம் எது?"

அந்த வறண்ட மண்ணில் சீமைக் கருவேலம் வருஷம் முழுக்க அங்கங்கே பூத்துக்கொண்டேதான் இருக்கும். தீனி நின்றால் செத்துவிடும் என்று சொன்ன கிருமிக்குத் தீனி நிற்கவே இல்லை. இரண்டு வருஷமாகத் தின்று பெருகி, மூக்கிலிருந்து தொண்டைக்கு இறங்கி, பிள்ளையிடமிருந்து தாய்க்கும் தாயிடமிருந்து டீச்சருக்கும் போயிருக்கிறது. பூந்தூளுக்கு மட்டும் குரைக்காதே என்று தடவிக்கொடுத்த கை, நாயை ஒரேயடியாகப் படுக்கவைத்துவிட்டது.

ஏன் தனக்கு மட்டும் இல்லை என்பதையும் அவளே கண்டுபிடித்தாள். சைனஸ் தொல்லைக்காகப் பத்து வருஷமாகக் காலையும் மாலையும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவித் தொண்டையைக் கொப்பளிக்கிறாள். குடியேறுவதற்கு முன்பே அவள் கிருமியைத் துரத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

தாரிணியை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றே அவள் மூக்கையும் தொண்டையையும் அதேபோல் கழுவ ஆரம்பித்தாள். பத்தாவது நாள் சாம்பார் தாளிக்கும்போது தாரிணி தும்மினாள். மாரீஸ்வரி கரண்டியைப் போட்டுவிட்டு மகளைக் கட்டிக்கொண்டாள். பன்னிரண்டாவது நாள் இழுப்பு வந்துவிட்டது. விலாவில் அதே குழி.

அதற்குள் மற்ற பள்ளிப் பெட்டிகளும் பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டன. மேலிடத்துக்கு நீளமாக எழுதினாள். பதில் வந்தது. தும்மல் எண்ணிக்கை பூஜ்யத்தைத் தொட்ட முதல் வட்டாரம் என்று பாராட்டியிருந்தார்கள். ஆஸ்பத்திரி விஷயம் தனியாக ஆராயப்படும் என்று கடைசியில் ஒரு வரி. மருந்தை நிறுத்தச் சொல்லி அவளே பள்ளி பள்ளியாகப் போனாள். நிறுத்தினார்கள். ஒன்றும் மாறவில்லை. கிருமிக்கு இனி மருந்துப் புட்டி தேவைப்படவில்லை, காற்றே போதும்.

ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளிக்குப் பின்னால் இருந்த மிளகாய்க் குளிர்பதனக் கிடங்கில் ஒரு குழாய் கசிந்தது. குளிரூட்ட அங்கே அம்மோனியா ஓடும். அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒரு மூச்சு இழுத்தாலே மனுஷன் தலைதெறிக்க ஓடுவான், அப்படிப்பட்ட நெடி. அதனால்தான் அதற்குத் தனியாக அலாரம் வேண்டியதில்லை என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

மூன்றாம் வகுப்பில் ஜெயராணி டீச்சர் சொல்வதெழுதுதல் நடத்திக்கொண்டிருந்தாள். கண் எரிகிறது டீச்சர் என்றார்கள் பிள்ளைகள். வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும், முகம் கழுவிக்கொள்ளுங்கள் என்று இரண்டிரண்டு பேராக அனுப்பினாள். அவள் கண்ணும்தான் எரிந்தது. தாரிணி அன்று இழுப்போடு வீட்டில் இருந்தாள். மாரீஸ்வரி பெட்டியைப் பார்க்க வந்தவள் பள்ளிக் கேட்டைத் தாண்டும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினாள். முந்தானையை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே ஓடினாள். பிள்ளைகள் கண்ணீர் வழிய, அமைதியாக, 'நெய்தல்' என்ற சொல்லை எழுதிக்கொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில், ஜன்னலோரம், முத்தழகி நோட்டின் மேல் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று பக்கத்தில் இருந்த பிள்ளை நினைத்திருந்தாள்.

முப்பது பேரில் இருபத்தொன்பது பேர் பிழைத்தார்கள்.

எட்டாம் நாள் பள்ளியில் கூட்டம் கூடியது. கிடங்கு அதற்குள் திறந்துவிட்டது. ஊரில் பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை. கருவேலத்தை வெட்டலாமே என்றார் ஒருவர். எத்தனை ஊர்க் கருவேலத்தை என்று இன்னொருவர் கேட்டார். அலாரம் வைக்கலாம் என்றார்கள். மாரீஸ்வரி எழுந்து விளக்கினாள். வைக்கலாம், வைக்கவும் போகிறார்கள். ஆனால் மெஷினுக்கு நாம் சொல்லிக்கொடுத்த வாயு மட்டும்தான் தெரியும். மிளகாய்த் தூசிக்கு அது தினமும் பத்துத் தடவை கத்தும், பத்தாம் நாள் யாராவது வயரைப் பிடுங்கிவிடுவார்கள். அடுத்த தடவை அம்மோனியாவாக இல்லாமல் வேறு எதுவாகவோ இருக்கும். பெயர் தெரியாத ஆபத்துக்கும் கத்துகிற கருவி ஒன்றுதான் உண்டு, அது மூக்கு.

அப்படியென்றால் எல்லாப் பிள்ளைகளுக்கும் உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினால் என்ன என்று ஜெயராணி டீச்சர் கேட்டாள். அவள் அந்த எட்டு நாளில் பாதியாக இளைத்திருந்தாள்.

"கழுவலாம் டீச்சர். பன்னெண்டாம் நாள் வகுப்புல பாதிப் பேருக்கு இழுப்பு வந்துரும். பழையபடி."

பழையபடி என்றால் என்னவென்று அங்கே எல்லோருக்கும் தெரியும். எத்தனையோ பேர் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்தவர்கள்.

முருகலட்சுமிதான் அந்த யோசனையைச் சொன்னாள். அவள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை.

"எல்லாரும் எதுக்கு இருமணும்? அன்னைக்கு நீ ஒருத்தி இருமினதாலதான இத்தன பிள்ளைக பொழச்சுதுக. வகுப்புக்கு ஒருத்தர் இருமுனாப் பத்தாதா?"

டீச்சர்கள் கழுவிக்கொள்ளட்டும் என்றார்கள் உடனே. ஜெயராணி டீச்சர் அதற்குத் தயாராக இருந்தாள். அளந்து பார்த்துவிடலாம் என்றாள் மாரீஸ்வரி. அளக்காமல் எதையும் நம்பிப் பழக்கமில்லை அவளுக்கு. டீச்சர் மூக்கைக் கழுவிய பத்தாம் நாள், மைதானத்தின் ஒரு மூலையில் அம்மோனியா புட்டியைத் திறந்து வைத்து, அடிக்கு அடி சுண்ணாம்புக் கோடு போட்டு, எதிர்மூலையிலிருந்து புட்டியை நோக்கி மெல்ல நடக்கச் சொன்னாள். டீச்சருக்கு இருமல் வந்தது புட்டிக்கு நாலடி தூரத்தில் இருந்த கோட்டில். முப்பது வருஷம் மிளகாய்த் தூசியைக் குடித்து மரத்துப்போன மூக்கு. மாரீஸ்வரிக்கு ஒன்பதாவது அடியில் வந்தது. தாரிணியைக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். அவளுக்கு இருபத்தாறாவது அடியிலேயே இருமல் பிடித்துவிட்டது.

மாரீஸ்வரி எண்களை எழுதிக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். டீச்சருக்கு இருமல் வருகிற நேரத்தில், ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு எல்லாம் முடிந்திருக்கும். பெரியவர்களின் மூக்கு உதவாது. பிள்ளையாக இருக்க வேண்டும். அதிலும் ஒரு காலத்தில் மோசமான இழுப்பு வந்த பிள்ளையாக இருக்க வேண்டும். ஒன்றுமில்லாததற்கெல்லாம் குரைத்த மூக்குதான் எல்லோருக்கும் முன்னால் குரைக்கும்.

அடுத்த கூட்டத்தில் எண்களை அவளே வாசித்தாள். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். யாரும் எதிர்க்கவில்லை. யாரும் தங்கள் பிள்ளையின் பெயரையும் சொல்லவில்லை. பிறகு ஒருவர் பின் ஒருவராக அவளைப் பார்க்க ஆரம்பித்தார்கள். முதல் வரிசையில் முத்தழகியின் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் மட்டும் பார்க்கவில்லை. அதைத்தான் மாரீஸ்வரியால் தாங்க முடியவில்லை.

தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்க்கும் கணவனுக்கு போனில் சொன்னாள். அவன், நீ கணக்குப் போட்டிருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்றான். அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தாரிணியிடம் சொல்வதுதான் எளிதாக இருந்தது. அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டியது.

"நான் இருமினா எல்லாரும் வெளிய ஓடிருவாங்களா?"

"ஆமா."

"நானும் ஓடலாம்ல?"

"நீயும்தான் கண்ணு. டீச்சர் உன்னத் தூக்கிட்டு வந்துருவாங்க."

"அப்ப சரி," என்றாள் தாரிணி. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "சும்மா இருமினாக்கூட ஓடுவாங்களா?" என்று கேட்டாள். அவளுக்கு அது பிடித்திருந்தது.

ஆவணியில் ஆரம்பித்தார்கள். முதல் வாரத்திலேயே பக்கத்துக் காட்டில் யாரோ பழைய வயர்களைக் கொளுத்த, தாரிணி இருமினாள். ஐம்பது விநாடியில் வகுப்பு காலி. மற்றவர்கள் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்கவில்லை. புரட்டாசிக்குள் நாற்பத்திரண்டு பள்ளிகளும் முறையை எழுதித் தரச் சொல்லிக் கேட்டன. மாரீஸ்வரி ஒரு பக்கத்தில், யாருக்கும் புரிகிற மாதிரி எழுதிக் கொடுத்தாள்.

வகுப்புக்கு ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுக்கவும். மருந்துக்கு முன் மிக அதிகமாக இழுப்பு வந்த பிள்ளை நல்லது. காலையும் மாலையும் உப்புத் தண்ணீரால் மூக்கும் தொண்டையும் கழுவவும். காற்று வரும் ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார வைக்கவும். பள்ளி நேரத்தில் அந்தப் பிள்ளைக்கு இழுப்பு மருந்து கொடுக்கக் கூடாது. கொடுத்தால் இருமல் தாமதமாக வரும். பிள்ளை இருமினால், காரணம் தேடாமல் எல்லோரையும் வெளியேற்றவும். கணக்குப்படி ஒரு பிள்ளை இரண்டு வருஷத்துக்கு மேல் தாங்காது. அடுத்த பிள்ளையை முன்கூட்டியே தயார் செய்து வைக்கவும்.